ஒரு வருடம் கேட்காதவர்

மார்ச் 3

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

உங்கள் மகளைக் கல்யாணம் செய்துகொண்டவன் எழுதுகிறேன். இந்தக் கடிதம் அவளுக்குத் தெரியாது. தெரிந்தால் பேனாவைப் பிடுங்கிவிடுவாள்.

போன மாதம் எங்கள் கல்யாணத்துக்கு நீங்கள் வரவில்லை. குறையாகச் சொல்லவில்லை. ஆலயத்தில் முதல் வரிசையில் தன் கைப்பையை வைத்து உங்களுக்கு இடம் பிடித்திருந்தாள். எல்லாம் முடிந்ததும் பையை எடுத்துக்கொண்டு நடந்தாள். அன்றிலிருந்து உங்கள் பேச்சை எடுத்தால் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள். அதைக் கோபம் என்று அவள் சொல்கிறாள். எனக்கு அப்படித் தெரியவில்லை.

என்னைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டது எல்லாம் உண்மை. குடித்தேன். லாரி ஓட்டும் வேலை போனது. முதல் மனைவி விட்டுப் போனாள். அவள் போனது நியாயம். இப்போது வேறு ஒருவரோடு நன்றாக இருக்கிறாள். எங்கள் சபைக் கட்டடத்தின் பின்னறையில், குடியை விட்டவர்கள் வெள்ளிக்கிழமைதோறும் கூடுவோம். அங்கேதான் ஆண்டவர் என்னைப் பிடித்தார். மூன்று வருடத்துக்கு மேல் ஆகிறது, தொட்டதில்லை. பழைய சோபாக்களைப் பிரித்துத் தைத்துக் கொடுக்கும் பட்டறையில் வேலை செய்கிறேன்.

ஒரே ஒரு முறை உங்களைப் பார்க்க அனுமதி கேட்டு கொள்கிறேன். நீங்கள் வந்தாலும் சரி, நாங்கள் வந்தாலும் சரி. உங்களை அத்தை என்று கூப்பிட ஆசை. நீங்கள் சொல்லாமல் கூப்பிட மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் மகளின் கணவன்


மார்ச் 11

ஐயா,

உங்கள் கடிதத்தை இதனுடன் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு மையைக் கண்டு வருந்த வேண்டாம். அச்சகத்தில் பிழை திருத்தியே வயதானவள் நான். பிழையைக் கண்டால் கை சும்மா இருக்காது. 'கேட்டுக் கொள்கிறேன்' என்பதில் 'க்' வேண்டும். மற்றவற்றை ஓரத்தில் குறித்திருக்கிறேன்.

நீங்கள் உண்மையை மறைக்காமல் எழுதியதை மதிக்கிறேன். ஆனால் உண்மையை எழுதுவது எளிது, அதன்படி நடப்பதுதான் கடினம். ஆகவே சொல்கிறேன். இன்றிலிருந்து ஒரு வருடம். அந்த ஒரு வருடத்தில் ஒரு சொட்டும் தொடக்கூடாது. ஒரு ஞாயிறும் ஆராதனையைத் தவறவிடக்கூடாது. காலையும் மாலையும் வீட்டில் ஜெபம் நடக்க வேண்டும். இவையெல்லாம் நடந்ததாக உங்கள் போதகர் மாதாமாதம் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். இடையில் ஒரு முறை தவறினாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். வருடம் முழுமையாக முடிந்தால், அடுத்த மார்ச் பதினொன்றாம் தேதி முதல் பேருந்தில் உங்கள் வீட்டுக்கு வருவேன். அதற்கு முன் வர மாட்டேன்.

தொலைபேசியில் அழைக்க வேண்டாம். வாயால் சொன்னது காற்றோடு போகும். எனக்கு எழுத்தில் வேண்டும்.

உங்கள் மனைவியின் தாய்


ஜூலை 20

அம்மா அவர்களுக்கு,

போதகரின் கடிதம் இந்த மாதமும் இதற்குள் இருக்கிறது. கையெழுத்து போடும்போது, "ஏம்ப்பா, நான் என்ன உனக்கு உயிரோட இருக்கிறதுக்குச் சான்றிதழா தர்றேன்?" என்று கேட்டார். ஆனாலும் போட்டுக் கொடுத்தார்.

ஒரு ஞாயிறும் தவறவில்லை. போன வாரம் காய்ச்சல். போர்வையைச் சுற்றிக்கொண்டு போய்ப் பின்வரிசையில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவர், "வீட்டுல படுத்தா ஆண்டவர் கோச்சுக்குவாரா?" என்றார். ஆண்டவர் கோபித்துக்கொள்ள மாட்டார், மாமியார் கோபித்துக்கொள்வார் என்று எப்படிச் சொல்வது?

உங்கள் மகள் கண்டுபிடித்துவிட்டாள். போதகரின் மனைவி பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார். வந்ததும் வராததுமாக, "நீங்க எனக்குப் புருஷனா இருக்கீங்களா, இல்ல எங்கம்மாகிட்ட பரோல்ல இருக்கீங்களா?" என்று சத்தம் போட்டாள். பிறகு சமையலறைக்குப் போய் அழுதாள். பிறகு, "நீங்க எழுதுனதை அவங்க திருத்தி அனுப்பினாங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். சிரித்தாள். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

ஒன்றை மறைக்கக் கூடாது. முன்பெல்லாம் நான் ஜெபம் செய்தால் ஏதோ ஒரு பெரியவர் தோளில் சாய்ந்த மாதிரி இருக்கும். இப்போது கண்ணை மூடினால், இதைக் கடிதத்தில் எழுதலாம் என்றுதான் தோன்றுகிறது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து போடுகிற மாதிரி ஜெபிக்கிறேன். உங்களைக் குறை சொல்லவில்லை. நடப்பதைச் சொல்கிறேன்.

கடைசியாகத்தான் நல்ல செய்தி. உங்கள் மகள் கர்ப்பமாக இருக்கிறாள். நவம்பர் கடைசியில் நாள் கொடுத்திருக்கிறார்கள்.

உங்கள் மகளின் கணவன்


ஜூலை 29

தம்பிக்கு,

செய்தி படித்தேன். என் மகள் பாப்பாவைப் படி ஏறி இறங்க விட வேண்டாம். குழந்தைக்குச் சில சட்டைகள் தைத்து வைத்திருக்கிறேன். இப்போது அனுப்பப் போவதில்லை. மார்ச் வரட்டும்.

என்னைக் கல்நெஞ்சுக்காரி என்று நினைப்பீர்கள். பாப்பாவுக்கே முழுதாகத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அவள் அப்பாவும் குடித்தவர். ஒவ்வொரு முறையும் விடிந்ததும் வாசலில் வந்து நின்று கதவைத் தட்டுவார். "இதுதான் கடைசி, மன்னிச்சிடு" என்பார். மன்னிக்க வேண்டும் என்று சபையில் சொன்னார்கள், மன்னித்தேன். கதவைத் திறந்தேன். அடுத்த வாரமே பாப்பாவின் பள்ளிக்கூடப் பையில் பாட்டிலை ஒளித்து வைத்திருந்தார். அவர் இறந்து பல வருடமாகிறது. மன்னிப்பு என்ற சொல்லைக் கேட்டால் இன்னும் எனக்கு அந்தக் கதவு தட்டும் சத்தம்தான் கேட்கிறது.

ஆகவேதான் இந்தச் சட்டம். சட்டம் என்னை ஒருநாளும் ஏமாற்றியதில்லை.

ஜெபத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். தொடர்ந்து செய்யுங்கள். பழகிவிடும். எனக்குப் பழகிவிட்டது.

பாப்பாவின் அம்மா


அக்டோபர் 9

அம்மா,

ஆஸ்பத்திரி ஜன்னல் திட்டில் வைத்து எழுதுகிறேன். நேற்றுக் காலை உங்கள் மகளுக்குத் திடீரென்று இரத்த அழுத்தம் ஏறிவிட்டது. உடனே அறுவை சிகிச்சை செய்தார்கள். பையன். நாள் வருவதற்கு முன்பே வந்துவிட்டான். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். தலை என் உள்ளங்கையில் அடங்கிவிடும் போல இருக்கிறது. மூக்கில் குழாய். பிழைப்பானா என்று கேட்டேன். "பார்ப்போம்" என்று மட்டும் சொல்கிறார்கள்.

மயக்கம் தெளிந்ததும் உங்கள் மகள் கேட்ட முதல் கேள்வி, "அம்மா வந்துட்டாங்களா?" என்பதுதான். குழந்தையைக்கூட அதற்குப் பிறகுதான் கேட்டாள்.

வாருங்கள். என்னைப் பார்க்க வேண்டாம். பார்வையாளர் நேரம் மாலை நான்கு மணி. அந்த நேரத்தில் நான் தெருவுக்குப் போய்விடுகிறேன். நீங்கள் போன பிறகு உள்ளே வருகிறேன். என் முகத்தில் விழிக்காமலே மகளையும் பேரனையும் பார்த்துவிட்டுப் போகலாம்.


அக்டோபர் 14

தம்பிக்கு,

கடிதம் கிடைத்ததிலிருந்து உபவாசம் இருக்கிறேன். பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் இறங்கவில்லை. வீட்டுக்கு வர மாட்டேன் என்றுதானே சொன்னோம், ஆஸ்பத்திரி வேறு அல்லவா என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். கைப்பையை எடுத்துக்கொண்டு வாசல் வரை வந்தேன்.

ஆனால் ஒரு முறை வளைந்துகொடுத்தவளுக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். பாப்பா என்னை மன்னிக்கட்டும். குழந்தைக்காக ஜெபிக்கிறேன். மார்ச் பதினொன்று தொலைவில் இல்லை.

பாப்பாவின் அம்மா


அக்டோபர் 24

அம்மா அவர்களுக்கு,

குடித்துவிட்டேன்.

போன வாரம் திங்கள்கிழமை மத்தியானம். குழந்தைக்கு மூச்சு நின்று நின்று வந்தது. என்னை வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தினார்கள். ஆஸ்பத்திரியின் பின்பக்க வாசலுக்கு எதிரே ஒரு கடை. கால்கள் தானாகப் போயின என்று சொல்ல மாட்டேன். நான்தான் போனேன். திரும்பி வந்தபோது குழந்தை சமாளித்துவிட்டான். நர்ஸ் சிரித்துக்கொண்டே வெளியே வந்து என்னைக் கூப்பிட்டார். பக்கத்தில் வந்ததும் அவர் முகம் மாறியது. அந்த வாடையோடு என்னை உள்ளே விடவில்லை. விட்டிருந்தாலும் போயிருக்க மாட்டேன்.

அன்றே உங்கள் மகளிடம் சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமைக் குழுவில் எழுந்து நின்று சொன்னேன். போதகரிடம் சொன்னேன். இப்போது உங்களிடமும் சொல்கிறேன். அதற்குப் பிறகு தொடவில்லை.

உங்கள் கணக்குதான் சரி. முதலிலிருந்து ஒரு வருடம். அது முடியும்வரை ஆலயத் திருவிருந்தில் அப்பத்துக்குக் கை நீட்ட மாட்டேன். வீட்டில் இருக்கவும் எனக்குத் தகுதி இல்லை. பட்டறையிலேயே ஒரு மூலையில் படுத்துக்கொள்கிறேன். குழந்தை இப்போது குழாய் இல்லாமல் மூச்சு விடுகிறான். உங்கள் மகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், தினமும் ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருகிறாள். அவளுக்குத் துணை யாருமில்லை. அதை மட்டும் சொல்லத்தான் எழுதினேன். எனக்காக எதுவும் கேட்கவில்லை.


அக்டோபர் 28

மாப்பிள்ளை,

உங்கள் வீட்டிலிருந்து எழுதுகிறேன். ஆமாம், உங்கள் வீட்டிலிருந்துதான். ஜன்னல் ஓரத்தில் இருக்கும் உங்கள் மேசையில், உங்கள் பேனாவால்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். சனிக்கிழமை உங்கள் கடிதம் வந்தது. படித்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? 'நான் அப்போதே சொன்னேன் அல்லவா' என்றுதான். நாள்கணக்கில் சோறு இறங்காதவள், அன்று வயிறாரச் சாப்பிட்டேன். நான் நினைத்ததுதான் நடந்தது என்பதில் அவ்வளவு நிம்மதி எனக்கு.

மறுநாள் எங்கள் ஆலயத்தில் திருவிருந்து. திருவிருந்துக்கு முந்தின நாளெல்லாம் என் தவறுகளை எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். போதுமான அளவுக்கு வருந்திவிட்டேனா என்று பார்த்துவிட்டுத்தான் போவேன். இந்த முறை எதையும் எண்ணவில்லை. உங்கள் தவறையே எண்ணிக்கொண்டு போய்விட்டேன். அது முழங்காலிட்டு இரண்டு கையையும் நீட்டிய பிறகுதான் உறைத்தது. கையை இழுத்துக்கொள்ளலாமா என்று நினைப்பதற்குள் போதகர் வந்துவிட்டார். அவர் ஒன்றும் கேட்கவில்லை. யோக்கியமாக இருந்தாயா என்று கேட்கவில்லை. கையில் அப்பத்தை வைத்தார், அடுத்தவரிடம் போனார்.

கையைப் பார்த்தேன், மாப்பிள்ளை. மகள் கூப்பிட்டும் போகாதவளின் கை. பேரன் கண்ணாடிக்குள் மூச்சுக்குப் போராடும்போது, சொன்ன சொல்தான் பெரிது என்று வாசலில் நின்றவளின் கை. அதில் கொடுத்திருக்கிறார். ஆண்டவர் என்னிடம் ஒரு வருடம் கேட்டிருந்தால்? எந்த வருடத்தைக் காட்டியிருப்பேன்? எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆலயத்துக்குள் முழங்காலில் இருந்தபடி, அத்தனை பேர் பார்க்க, நான் சிரித்தேன். பக்கத்தில் இருந்த அம்மா எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று தண்ணீர் எடுக்க ஓடினார்.

ஆராதனை முடியும்வரைகூட இருக்கவில்லை. கட்டிய சேலையோடு பேருந்து ஏறினேன். மாற்றுத் துணி எடுக்கவில்லை. இப்போது உடுத்தியிருப்பது உங்கள் மனைவியின் துணி.

பாப்பா ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து எழவில்லை.

"வருஷம் முடிஞ்சிடுச்சாம்மா?" என்றாள்.

"இல்ல. கிழிச்சுப் போட்டுட்டேன்" என்றேன்.

"அவர் குடிச்சிட்டாரு. தெரியுமா?"

"தெரியும். அதான் வந்தேன்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு என் மடியில் தலையை வைத்துக் குழந்தை மாதிரி ஓவென்று அழுதாள். நானும்தான். நர்ஸ் வந்து இரண்டு பேரையும் அதட்டினார்.

உங்கள் மகனைப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டியின் துளைக்குள் விரலை விட்டேன். பிடித்துக்கொண்டான். விடவே மாட்டேன் என்றான். நல்ல பிடி.

இன்று உங்கள் பட்டறை முதலாளி உங்கள் துணிமணிகளை எடுக்க வந்தார். துணி எதுவும் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பதிலாக இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். வீட்டுக்கு வாருங்கள்.

அத்தை


அக்டோபர் 29

அம்மா அவர்களுக்கு,

கடிதத்தைப் பலமுறை படித்தேன். முதல் வரியில் நீங்கள் எழுதிய அந்த ஒரு சொல்லுக்காக எவ்வளவு காத்திருந்தேன் தெரியுமா? ஆனால் இந்த நேரத்திலா அது வர வேண்டும்? ஒழுங்காக இருந்தபோது வந்திருந்தால் ஓடி வந்திருப்பேன்.

நீங்கள் வந்தது எனக்குப் போதும். உங்கள் மகள் இனித் தனியாக இல்லை. நான் வர முடியாது. அந்த நர்ஸின் முகம் மாறியது என் கண்ணிலேயே நிற்கிறது. வருடம் முடியட்டும். நீங்கள் இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தாலும் நான் விட்டுக்கொடுக்கக் கூடாது. உங்கள் சட்டம் நல்ல சட்டம். எனக்கு அது வேண்டும். அதுவும் இல்லையென்றால் நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்?

உங்களை அத்தை என்று எழுதக் கை வரவில்லை.


அக்டோபர் 30

மாப்பிள்ளை,

நல்ல வேடிக்கை இது. சட்டம் போட்டவள் உள்ளே இருக்கிறேன். சட்டத்தில் அகப்பட்டவர் வெளியே நின்று அதற்குக் காவல் காக்கிறீர்கள்!

கவனமாகக் கேளுங்கள். நீங்கள் குடித்தது ஒன்றுமில்லை என்று நான் சொல்ல வரவில்லை. அது என்ன செய்யும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்கு உங்கள் போதகருக்குக்கூடத் தெரியாது. ஆனால் என் கணவர் பொய் சொல்லிக்கொண்டு உள்ளே வரக் கேட்டார். நீங்கள் உண்மையைச் சொல்லிவிட்டு வெளியே நிற்கிறீர்கள். இரண்டும் ஒன்று என்று நினைத்தேனே, அதுதான் என் வாழ்நாளில் நான் பார்க்கத் தவறிய பெரிய பிழை.

எதைப் பிடித்துக்கொண்டு நிற்பேன் என்று கேட்டீர்கள். ஏழு மாதம் என் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். அந்த ஒரு மத்தியானம் அது உங்களைத் தாங்கியதா? கதவைச் சாத்தியபோது உங்கள் பக்கத்தில் ஓர் ஆள் இருந்திருக்க வேண்டும். நான் இருந்திருக்க வேண்டும். என் சட்டம்தான் என்னை வரவிடாமல் செய்தது. அது உங்களுக்கு மட்டும் நல்லது செய்துவிடுமா?

வெள்ளிக்கிழமைக் குழுவுக்கு ஒரு வாரமும் தவறாமல் போங்கள். வீட்டுக்குள் நுழைவதற்காகப் போக வேண்டாம். வீட்டுக்குள் இருந்துகொண்டு போங்கள். தடுமாறினால் எங்களிடம் சொல்லுங்கள். மறுபடியும் விழுந்தால் தூக்கிவிட இரண்டு பொம்பளைகள் இருக்கிறோம். நான் கொஞ்சம் பலமாகத் திட்டுவேன், அவ்வளவுதான்.

குழந்தையை அடுத்த வியாழக்கிழமை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தகப்பன் வந்துதான் தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்று பாப்பா சொல்லிவிட்டாள். அன்று காலை நானே பட்டறைக்கு வருவேன். நீங்கள் எழுந்து வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். நான் பிடிவாதக்காரி என்பது உங்களுக்குத் தெரியும்.

அத்தை


டிசம்பர் 1

அத்தைக்கு,

நீங்கள் ஊருக்குப் போய் நான்கு நாள்தான் ஆகிறது. வீடு வெறிச்சென்று இருக்கிறது. உங்கள் மகள் உங்களைப் போலவே என்னை அதட்டிப் பழகுகிறாள். பரவாயில்லை, நன்றாகவே வருகிறது.

ஒன்றைப் பற்றி நாம் பேசவே இல்லை. அந்த வியாழக்கிழமை காலை நீங்கள் பட்டறைக்குள் வந்தபோது, நான் வெளி வேலையாகப் போயிருப்பதாக முதலாளி சொன்னாரே, பொய். துணி உரித்துப் போட்டிருந்த ஒரு பெரிய சோபாவுக்குப் பின்னால் குந்தி ஒளிந்திருந்தேன். நீங்கள் அந்தச் சோபாவிலேயே வந்து உட்கார்ந்தீர்கள். ஸ்பிரிங் எல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. குத்தியிருக்கும். அசையவில்லை நீங்கள். உங்கள் செருப்பும் குதிகாலும்தான் எனக்குத் தெரிந்தன. வெகுநேரம் கழித்து, யாரையும் பார்க்காமல், "மாப்பிள்ளை, புள்ள அங்க அப்பாவுக்காகக் காத்துக்கிட்டு இருக்கான். எனக்கும் பசிக்குது. வாங்க போலாம்" என்றீர்கள். நான் அங்கே இருப்பது தெரிந்துதான் சொன்னீர்களா? இன்றுவரை கேட்கவில்லை. எழுந்து நின்றேன். தலையெல்லாம் பஞ்சு. நீங்கள் பஞ்சைத் தட்டிவிட்டீர்கள். என் தலையில் யாரும் கை வைத்துப் பல வருடமாகியிருந்தது, அத்தை.

ஆஸ்பத்திரியில் அதே நர்ஸ்தான் இருந்தார். நான் தலை குனிந்தேன். அவர் குழந்தையைத் துணியில் சுற்றி என் கையில் வைத்து, "அப்பாகிட்டப் போடா ராஜா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வீடுவரை அவனை யாரிடமும் கொடுக்கவில்லை.

இன்று எங்கள் ஆலயத்தில் திருவிருந்து. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மூவரும் போனோம். எல்லோரும் எழுந்து முன்னால் போனார்கள். நான் உட்கார்ந்தே இருந்தேன். உங்கள் மகள் குழந்தையைத் தூக்கி என் கையில் கொடுத்தாள். "இவனைத் தூக்கிட்டு வாங்க, எனக்கு இடுப்பு வலிக்குது" என்றாள். பொய்தான். ஆனால் எழுந்தாக வேண்டியதாயிற்று.

போய் முழங்காலிட்டேன். குழந்தையை இடது கையில் அணைத்துக்கொண்டு வலது கையை நீட்டினேன்.  போதகர் என் முன்னால் நின்றார். மாதாமாதம் எனக்காகக் கையெழுத்திட்டவர் அல்லவா, எல்லாம் தெரிந்தவர். ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். குனிந்து என் காதருகில், "உனக்காகத்தான்ப்பா" என்றார். எல்லோரிடமும் சொல்வதுதான். ஆனால் முதல்முறையாக என்னிடம் சொன்ன மாதிரி இருந்தது.

சாப்பிட்டேன். உடம்பு முழுவதும் லேசாகிவிட்டது. தோளில் சாய்கிற அந்தப் பழைய உணர்வு திரும்பி வந்தது, அத்தை. யாருக்கும் எழுதிக் காட்ட வேண்டும் என்ற எண்ணமே இல்லாமல் ஜெபித்தேன்.

அந்த அமைதியான நேரம் பார்த்து உங்கள் பேரன் வீறிட்டான் பாருங்கள்! கூரையே பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஓர் அலறல். முன்வரிசையில் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். பின்னால் வெள்ளிக்கிழமைக் குழுவில் இருந்து யாரோ, "அப்படிச் சொல்லுடா!" என்று சத்தம் போட்டார். ஆலயமே சிரித்தது. போதகர் தட்டைக் கீழே போடாமல் சமாளித்ததே பெரிய காரியம். உங்கள் மகள் ஒரு பக்கம் சிரிக்கிறாள், ஒரு பக்கம் கண்ணைத் துடைக்கிறாள். நான் அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, வெட்கமே இல்லாமல், நடுவழியே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்து வந்தேன்.

இப்போதும் தோளில்தான் இருக்கிறான். கை மரத்துப்போய்விட்டது. இறக்கி வைக்க மனம் வரவில்லை. அடுத்த வாரம் வருகிறீர்கள் அல்லவா? ஒரு மாதத்துக்காவது தேவையான துணியோடு வாருங்கள். அறைக்குச் சுண்ணாம்படித்து வைத்திருக்கிறேன்.

உங்கள் மாப்பிள்ளை